சிப்பிக் காளானின் வித்துத்தூளிலிருந்து (ஸ்போர்) வீட்டிலேயே காளான் வளர்க்க முடியுமா?

#1 மொட்டைமாடி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். காளான் வளர்ப்புக்கு நான் முற்றிலும் புதுசு. உழவர் சந்தையில் வாங்கிய சிப்பிக் காளான் ஒன்றைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் தட்டில் வெள்ளைப் பொடி கோடு கோடாக இறங்கியிருக்கிறது. இதுதான் ஸ்போர் என்கிறார்கள்.

இதைத் தண்ணீரில் கரைத்து, வெந்நீரில் ஊறவைத்த வைக்கோலில் தெளித்தால் காளான் வருமா? வீட்டில் ஐந்து லிட்டர் குக்கர் இருக்கிறது, வெயில் படாத ஒரு சின்ன அறை இருக்கிறது, மாமா வயலிலிருந்து வைக்கோலும் கிடைக்கும். ஆய்வகச் சாமான் எதுவும் கிடையாது.

"பேசாமல் வித்து பாக்கெட் வாங்கிப் போடு" என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்போரிலிருந்தே செய்து பார்க்க ஆசை.

#2 சோளக்கொல்லை (கோபி)

தம்பி, வராது.

வைக்கோலை வெந்நீரில் போட்டால் அது அரைச் சுத்தம்தான். பாதிப் பூசணம் சாகும், மீதி அப்படியே இருக்கும், ஆறவைக்கும்போது காற்றிலிருந்து இன்னும் வந்து உட்காரும். இந்தக் கூட்டத்தில் நாம் போடுவது முந்திக்கொள்ள வேண்டும். வித்து என்பது சோளத்தில் ஏற்கெனவே பரவி, தின்று கொழுத்த இழை, அதாவது காளானின் வேர் மாதிரியான வெள்ளை நூல். வைக்கோலுக்குள் போன மறுநாளே ஓட ஆரம்பித்துவிடும். ஸ்போருக்குக் கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அது விழித்து முளைக்கவே சில நாள் ஆகும். அதற்குள் பச்சைப் பூசணம் வந்து மொத்தப் படுக்கைக்கும் பட்டா போட்டுக்கொள்ளும்.

நீ சொல்ல வேண்டாம் என்றாலும் சொல்கிறேன்: ஒரு பாக்கெட் வித்து நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் கொடுக்கிறார்கள், பல மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கிடைக்கும். நான் காளான் விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறேன். ஸ்போரைத் தொட்டதே இல்லை.

#3 மொட்டைமாடி

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. எனக்கு விற்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஸ்போர் எப்படி இழையாகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் கால் கிலோ காளான் வந்தால் போதும்.

#4 நுண்ணோக்கி

நல்ல ஆசை. சோளக்கொல்லை அண்ணன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அவர் "வராது" என்றது வைக்கோலில் நேரடியாகத் தெளிப்பதற்கு. ஸ்போரிலிருந்து வளர்க்கவே முடியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடையில் சுத்தமான ஒரு படி வேண்டும். முதலில் சத்துள்ள கூழில் முளைக்கவிட்டு, அங்கிருந்து தானியத்துக்கு, தானியத்திலிருந்து வைக்கோலுக்கு என்று போக வேண்டும்.

முதலில் அந்தப் பொடியைப் பற்றி. சிப்பிக் காளானின் ஒரு ஸ்போர் நீளவாட்டில் ஏறத்தாழ 10 மைக்ரான்தான் இருக்கும். ஒரு குடையிலிருந்து கோடிக்கணக்கில் உதிரும். ஆனால் ஒற்றை ஸ்போர் மட்டும் முளைத்தால் அதிலிருந்து காளான் வராது. இழை ஓடும், ஆனால் அது அரைக்குடும்பம். இணை சேரக்கூடிய இன்னொரு ஸ்போரின் இழையைச் சந்தித்து இரண்டும் ஒன்றானால்தான் மொட்டு விடும் தகுதி வரும். அதிலும் சிப்பிக் காளானில் பொருத்தம் பார்ப்பது கொஞ்சம் கெடுபிடி. ஒரே காளானிலிருந்து விழுந்த இரண்டு ஸ்போரை எடுத்தால், அவை பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். நமக்குக் கவலை இல்லை, நாம் ஆயிரக்கணக்கில்தானே போடப்போகிறோம். அவையே ஆள் பிடித்துக்கொள்ளும்.

எல்லாக் காளானும் இப்படியில்லை. வைக்கோல் காளானில் ஒற்றை ஸ்போரே தனியாக வளர்ந்து காய்க்கும். கடையில் விற்கும் மொட்டுக் காளானில் பெரும்பாலான ஸ்போர்கள் இரண்டு உட்கருவோடு ஜோடியாகவே பிறக்கின்றன. ஆனால் அதை முளைக்கவைப்பது கஷ்டம், வளர்க்க மக்கிய உரமும் குளிரும் வேண்டும். மொட்டுக் காளானின் ஸ்போர் காபிப்பொடி நிறத்தில் இருக்கும். கடையில் வாங்குவது மொட்டாக மூடியிருப்பதால் ஒன்றும் உதிராது. இதைக் கேட்டுப் பலர் வருவதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எடுத்த அச்சு, அதாவது அந்தப் பொடிக்கோடு, இன்னும் தட்டில் இருந்தால் அதைத் தூக்கிப்போடுங்கள், வீட்டுத் தூசியும் அதோடு சேர்ந்திருக்கும். திரும்ப எடுங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியத் தாளைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள். நன்றாக விரிந்த, ஆனால் விளிம்பு மேல்நோக்கிச் சுருளாத குடையாகப் பார்த்து, காம்பை ஒட்ட வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி தாளில் வைத்து, துடைத்த கண்ணாடிக் கிண்ணத்தால் மூடுங்கள். 6 முதல் 12 மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் காளானே அழுகித் தண்ணீர் விட ஆரம்பிக்கும், அச்சும் பாழ். பிறகு தாளை மடித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

#5 கரிசல்காடு (விளாத்திகுளம்)

இடையில் ஒரு சந்தேகம், திட்டாதீர்கள். எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு இடி இடித்தால் கரையான் புற்றுப் பக்கம் காளான் பூக்கும். அந்தக் குழம்பின் ருசிக்குச் சிப்பிக் காளான் பக்கத்தில்கூட வராது. அதன் ஸ்போரை எடுத்து இதே மாதிரி செய்தால்?

#6 நுண்ணோக்கி

ஆசை நியாயமானதுதான், ஆனால் முடியாது. அது கரையானின் வெள்ளாமை. புற்றுக்குள் கரையான்கள் தங்கள் எச்சத்தால் கூடு மாதிரி கட்டி, அதில் அந்தப் பூசணத்தை வளர்த்து உணவாக்கிக்கொள்கின்றன. மழை ஈரம் உள்ளே இறங்கியதும் அங்கிருந்து காம்பு நீட்டி வெளியே வருவதுதான் நீங்கள் பறிப்பது. கூழில் இழையை ஓடவைக்கலாம். கரையான் இல்லாமல் பண்ணையில் பயிர்செய்து விற்கும் அளவுக்கு இன்னும் யாரும் கொண்டுவரவில்லை. புற்றை இடிக்காமல் விட்டால் அடுத்த வருடமும் அங்கேயே வரும்.

#7 பழைய மாணவி (கோவை)

வேளாண்மை படித்த காலத்தில் கூழ் காய்ச்சியே கை வெந்தவள் நான். வீட்டு அடுப்பில் செய்ய ஏற்றபடி சொல்கிறேன்.

அரை லிட்டருக்கு 100 கிராம் உருளைக்கிழங்கு, 10 கிராம் குளுக்கோஸ் தூள், 10 கிராம் அகர். அகருக்கு ஆய்வகக் கடையைத் தேட வேண்டாம். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று ஜெல்லி செய்ய விற்பார்களே, அதுதான் இது. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்த அகரைத்தான் எடுக்கிறார்கள். உருளைக்கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டு வேகவைத்து, மசிக்காமல் தண்ணீரை மட்டும் வடித்து, அரை லிட்டருக்குச் சரிக்கட்டுங்கள். அதில் குளுக்கோஸையும் அகரையும் போட்டு அகர் முழுசாகக் கரையும்வரை கிளறுங்கள். கட்டி நின்றால் பாட்டிலில் ஒரு பக்கம் கல்லாகவும் ஒரு பக்கம் தண்ணீராகவும் நிற்கும்.

பெட்ரி தட்டு வேண்டாம். ஆரம்பத்தில் அதைத் திறந்து மூடுவதற்குள் பாதி ஊர்த் தூசி உள்ளே போய்விடும். வாய் சிறுத்த கண்ணாடி மருந்து பாட்டில்கள்தான் நல்லது. கால் பாகம் ஊற்றி, பஞ்சால் அடையுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு ஈரத்தை இழுக்கும், அது ஆகாது. மெத்தை தைக்கிற கடையில் கேட்டால் பருத்திப் பஞ்சு கொடுப்பார்கள், அது ஈரம் ஏற்காது. அதற்கு மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

குக்கரில் அடியில் தட்டு போட்டு, தண்ணீர் ஊற்றி, பாட்டில்களை நிற்கவைத்து, வெயிட் ஆட ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். விசில் எண்ணாதீர்கள், நேரம் பாருங்கள். நமக்கு வேண்டியது 121 டிகிரி சூடு, சும்மா கொதிக்கிற தண்ணீரில் அது கிடைக்காது. அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கிவிடாதீர்கள். தூக்கினால் பாட்டிலுக்குள் கூழ் பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும், நனைந்த பஞ்சு வழியாகத்தான் பூசணம் உள்ளே இறங்கும். தானாக அடங்கட்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் எடுத்து, பாட்டிலைச் சாய்த்து ஒரு பென்சில் மேல் கழுத்து இருக்கும்படி படுக்கவையுங்கள். சரிவாக உறையும், பரப்பும் அதிகம் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் போடாமல் அப்படியே வைத்துப் பாருங்கள். எதுவும் முளைக்கவில்லை என்றால்தான் பாட்டில் சுத்தம்.

ஸ்போர் போடும் நாளில் மின்விசிறி ஓடக் கூடாது, சன்னல் மூடியிருக்க வேண்டும். பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு, கவிழ்த்து, உள்ளே துடைத்துவிட்டு அதற்குள் வேலை செய்யுங்கள். காற்று அசையாமல் இருந்தால் தூசி கீழே படிந்துவிடும், நாம் கேட்பது அவ்வளவுதான். ஒரு கம்பி முனையைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, அச்சை லேசாகத் தொட்டு, கூழின் மேல் வளைவு வளைவாக இழுத்தால் போதும். அதிகம் போட்டால் நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள், கூடவே வரும் அழுக்கும் அதிகமாகும்.

#8 சோளக்கொல்லை

கம்பியை டப்பாவுக்குள் வைத்துக் காய்ச்சாதே தம்பி. ஸ்பிரிட் அடித்துத் துடைத்த டப்பாவில் ஆவி நிற்கும், குப்பென்று பிடித்துவிடும். விளக்கு வெளியே தள்ளி இருக்கட்டும்.

#9 பழைய மாணவி

சரியாகச் சொன்னீர்கள், நான் எழுத விட்டுப்போனது. கையில் ஸ்பிரிட் பூசினால் அது முழுசாகக் காய்ந்த பிறகுதான் நெருப்புப் பக்கம் போக வேண்டும். இன்னொன்று, தண்ணீர் கலக்காத ஆல்கஹாலைவிட 70 சதவீதம்தான் கிருமியை நன்றாகக் கொல்லும். வாங்கும்போது பாட்டிலில் பாருங்கள்.

#10 சோளக்கொல்லை

இவ்வளவு பாடுபட்டுக் கூழ் காய்ச்சுகிறவன் ஸ்போரை ஏன் போட வேண்டும்? காளானையே கிழித்து உள்சதையைப் போடு. காம்பும் குடையும் சேரும் இடத்தைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிளந்தால் உள்ளே கை படாத வெள்ளைச் சதை இருக்கும். அதில் அரிசி அளவு எடுத்துக் கூழில் வை. மூன்றே நாளில் சுற்றிலும் பஞ்சு பூத்துவிடும். ஜோடி சேர வேண்டிய கதையே இல்லை, அது ஏற்கெனவே காய்த்த இழை. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே.

வித்து தயாரிப்பவர்கள் இப்படித்தான் தாய் வளர்ப்பு எடுக்கிறார்கள். ஸ்போரில் போனால் ஒன்று சீக்கிரம் காய்க்கும், ஒன்று காம்பு நீளும், ஒன்று காய்க்கவே காய்க்காது. நான் அந்த மாதிரி படுக்கையை வைத்துக்கொண்டு யாருக்கு விற்பது?

#11 நுண்ணோக்கி

வியாபாரத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்த "ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி" என்பதுதான் ஸ்போரின் அருமை. புது ரகம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நல்லதில் நல்லதைப் பொறுக்குவதற்கு முதலில் வேறுபாடு வேண்டுமே.

பழைய கதை ஒன்று. ஐரோப்பாவில் மொட்டுக் காளான் வளர்த்தவர்கள் நெடுங்காலம், இழை ஓடிய குதிரைச் சாணத்தை எங்காவது தேடிப் பிடித்து, அதையே வித்தாகப் போட்டார்கள். அதோடு நோயும் பூச்சியும் கூடவே வரும். 1890-களில் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில்தான் ஸ்போரை முளைக்கவைத்துச் சுத்தமான வித்து எடுத்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் சோள வித்துக்கு மூலமான தானிய வித்துக்கு, 1932-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சிண்டன் காப்புரிமை வாங்கினார். ஆக ஸ்போரைத் தொட்டதே இல்லை என்று நீங்கள் சொன்னாலும், உங்கள் தொழிலின் பாட்டன் அதைத் தொட்டிருக்கிறான் அண்ணே.

#12 சோளக்கொல்லை

பாட்டன் தொட்டான், பேரன் பாக்கெட்டில் வாங்குகிறேன். 😄

#13 பனங்காடு (யாழ்ப்பாணம்)

இங்கே வைக்கோலைவிட மரத்தூள்தான் அதிகம் பாவிக்கிறம். மாமரத்தூள், ரப்பர் மரத்தூள் நல்லது. தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து பொலித்தீன் பையில் இறுக்கி அடைச்சு, பீப்பாயில் மணிக்கணக்கா ஆவியில் அவிப்பம். பிசின் உள்ள மரத்தூள் சரிவராது. திருச்சித் தம்பிக்கு வைக்கோல் சும்மா கிடைக்குதெண்டால் வைக்கோலே போதும், தவிடு சேர்க்கப் போகாதேங்கோ. சத்துக் கூடினால் பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம்தான்.

#14 மொட்டைமாடி

எல்லோருக்கும் நன்றி. பழைய மாணவி அக்கா சொன்னபடியே செய்தேன். பாதிப் பாட்டில்களில் ஸ்போர், மீதியில் சோளக்கொல்லை அண்ணன் சொன்ன உள்சதை. இப்போதைய நிலவரம்:

உள்சதை வைத்தவற்றில் சுற்றிலும் வெள்ளையாகப் பரவிவிட்டது. ஸ்போர் போட்டவற்றில் ஒரு வாரம் கழித்துத்தான் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கலாக ஏதோ தெரிகிறது, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்தான் இழை இழையாக இருக்கிறது. ஒரு பாட்டிலில் வெள்ளைக்கு நடுவே பச்சைப் புள்ளி. இன்னொன்றில் மஞ்சளாகப் பளபளவென்று சொட்டு சொட்டாக இருக்கிறது, புளித்த வாடை. ஒன்றில் மட்டும் வெள்ளை கயிறு கயிறாக, விசிறி மாதிரி விரிகிறது.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது?

#15 பழைய மாணவி

ஒரு வாரத்தில் இழையைப் பார்த்துவிட்டீர்களா, கெட்டிக்காரத் தம்பி!

பளபளப்பும் புளித்த வாடையும் பாக்டீரியா. அடுத்த முறை கூழ் ஆறி, பாட்டில் சுவரில் படிந்த நீர் வற்றிய பிறகு ஸ்போர் போடுங்கள், குறையும். பச்சைப் புள்ளி டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணமாக இருக்கலாம். அதுவும் முதல் மூன்று நாள் வெள்ளையாகத்தான் ஏமாற்றும், பிறகு நடுவிலிருந்து பச்சை ஏறும். அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அப்படியே குக்கரில் போட்டு வேகவைத்த பிறகு கழுவுங்கள். திறந்தால் அறை முழுக்க அதன் பொடி பறக்கும், பிறகு பல நாள் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் பஞ்சு மேல் ஏறுகிற ஒன்று வரக்கூடும், அது இன்னும் மோசம். பஞ்சை ஊடுருவிப் பக்கத்துப் பாட்டிலுக்கே தாவும்.

கயிறு கயிறாக விரிகிறது என்றீர்களே, அதுதான் நமக்கு வேண்டியது. ஜோடி சேர்ந்த வீரியமான இழை பெரும்பாலும் அப்படித்தான் ஓடும். ஸ்போர் போட்ட இடத்தைத் தொடாதீர்கள், அங்கே பல இழைகளும் அழுக்கும் கலந்து கிடக்கும். ஓடுகிற விளிம்பில், தனியாக முன்னே போயிருக்கும் நுனியில் ஒரு துளி கூழோடு வெட்டி எடுத்துப் புதுப் பாட்டிலில் வையுங்கள். அது பரவியதும் அதன் நுனியிலிருந்து இன்னொரு முறை. அதற்குமேல் மாற்றிக்கொண்டே போனால் வீரியம் குறையும்.

மங்கலாக இருப்பவற்றை இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

#16 நுண்ணோக்கி

பள்ளி ஆய்வகத்தில் 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி கிடைத்தால் அந்தக் கயிறு இழையைப் பாருங்கள். இழையின் தடுப்புச் சுவர் இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் கொக்கி போலச் சின்ன வளைவு புடைத்திருந்தால் ஜோடி சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். கொக்கியே இல்லையென்றால் அது இன்னும் ஒண்டிக்கட்டை. இதைப் பார்த்துவிட்டுத் தானியத்துக்குப் போனால் ஒரு மாத உழைப்பு மிச்சம்.

#17 புதுவரவு77

எங்கள் வீட்டுப் புல்தரையில் வெள்ளையாகப் பெரிய குடை வந்திருக்கிறது, பார்க்கச் சாப்பிடுகிற காளான் மாதிரியே இருக்கிறது. அதன் ஸ்போரை எடுத்து வளர்த்துச் சாப்பிடலாமா?

#18 பழைய மாணவி

வேண்டவே வேண்டாம். புல்தரையில் வரும் வெள்ளைக் குடையில் பச்சை ஸ்போர் உதிர்க்கும் ஒன்று உண்டு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடித்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும். அச்சு எடுத்தால் சாம்பல் பச்சையாக வரும், ஆனால் பச்சையாக வரவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. வெள்ளை அச்சு விடும் காளான்களில் ஆளையே கொல்லும் அமானிட்டாவும் உண்டு. வெள்ளிக்காசு கறுக்கிறதா, எறும்பு மொய்க்கிறதா என்ற சோதனையெல்லாம் நம்பிக் காளானை வாயில் வைக்கக் கூடாது. சந்தையில் விற்கிற, பெயர் தெரிந்த காளானிலிருந்து மட்டும் எடுங்கள்.

#19 மொட்டைமாடி

கயிறு இழையை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது. அடுத்து சோளம். அளவு சொல்லுங்கள் அண்ணே.

#20 சோளக்கொல்லை

இது என் ஏரியா. பழைய சோளமாக வாங்காதே, பூச்சி அரித்ததும் மருந்து போட்ட விதைச் சோளமும் ஆகாது. கழுவி, அரை வேக்காடு வேகவை. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆனால் தோல் வெடித்திருக்கக் கூடாது. வெடித்தால் மாவு வெளியே வந்து பிசுபிசுக்கும், பாக்டீரியா அதில்தான் குடியேறும். வடித்து, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை ஆறவிடு. கையில் அள்ளிவிட்டால் விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும்.

ஒரு கிலோ சோளத்துக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்துகொள். தானியம் ஒட்டாது, புளிப்பும் ஏறாது. பாட்டிலில் முக்கால் பாகம் போட்டுப் பஞ்சால் அடை. நாங்கள் ஆட்டோகிளேவில் (ஆய்வகத்துப் பெரிய அழுத்தக் குக்கர்) 20 பவுண்டு அழுத்தத்தில் 2 மணி நேரம் வைப்போம். வீட்டுக் குக்கரில் அழுத்தம் அதைவிடக் குறைவு, அதனால் 2 மணி நேரத்துக்குக் குறைக்காதே. பாட்டிலும் கொஞ்சமாகவே வை. தண்ணீர்தான் முக்கியம். தீ சிறிதாக இருக்கட்டும், அடியில் தண்ணீர் வற்றினால் குக்கரும் போச்சு, சேஃப்டி வால்வும் போச்சு. பாதியில் அணைத்து, அழுத்தம் தானாக அடங்கிய பிறகு திறந்து, கொதிநீர் ஊற்றி மறுபடி ஏற்று. அதற்குப் பிறகு நேரத்தை முதலிலிருந்து கணக்கு வை.

மறுநாள் நன்றாக ஆறிய பிறகு இழைத் துண்டை உள்ளே போடு. மூன்றில் ஒரு பங்கு வெள்ளையானதும் பாட்டிலைக் குலுக்கிவிடு, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கும். 15 நாள் வாக்கில் முழுசாக வெளுத்துவிடும். முகர்ந்தால் பச்சைக் காளான் வாசம் வர வேண்டும். சாராய வாடை வந்தால் தயங்காமல் கொட்டு.

#21 கரிசல்காடு

குக்கரை 2 மணி நேரம் தூக்கிக் கொடுக்க எங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அண்ணன் தனிக் குக்கர் வாங்கிவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறார் என்று நினைக்கிறேன்.

#22 பழைய மாணவி

படுக்கையையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு தனித்தனியாகக் கேட்க வேண்டாம். வைக்கோலை 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து வடியுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். 60-க்கு 30 செ.மீ. பாலித்தீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஓரத்தில் ஒரு தூவல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, இறுக்கிக் கட்டி, பக்கங்களில் சில துளை. நெல் வைக்கோலில் இந்தக் காளானை வளர்க்கலாம் என்று மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் பானோவும் ஸ்ரீவத்சவாவும் 1962-இல் காட்டினார்கள். இன்றைக்கும் முறை பெரிதாக மாறவில்லை.

15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளை கட்டும். பிறகு பையைக் கிழித்துவிட்டு, கோணிச்சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இல்லையென்றால் காம்பு மட்டும் நீளும், குடை விரியாது.

ஆனால் திருச்சியில் இப்போது வெயில் ஏறுகிற நேரம். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வேண்டும். கத்திரி வெயிலில் போட்டுவிட்டு மொட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அந்த மாதங்களில் பால் காளான்தான் தோது. பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே. 2 ரகம் 35 டிகிரிவரை தாங்கும். அதற்குப் படுக்கை மேல் அவித்த மண் போட்டு மூட வேண்டும்.

#23 மொட்டைமாடி

அப்படியென்றால் ஆடி போகட்டும், ஐப்பசி மழையில் படுக்கை போடுகிறேன். அதுவரை இந்த இழைப் பாட்டிலை எப்படிப் பாதுகாப்பது? இன்னொன்று, அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. வீட்டுக்குள் காளான் வளர்ப்பதில் பிரச்சினை வருமா?

#24 நுண்ணோக்கி

அம்மாவுக்கு வீசிங் என்றால் படுக்கையை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம், மாடியில் தனிக்கொட்டகை போடுங்கள். சிப்பிக் காளான் உதிர்க்கும் அளவுக்கு ஸ்போர் உதிர்க்கும் பயிர் குறைவு. மூடிய அறையில் அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் காளான் தொழிலாளிகளுக்கு நுரையீரல் ஒவ்வாமையே வருகிறது. குடையின் விளிம்பு இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள், தட்டையாகி மேலே திரும்பவிடாதீர்கள். பறிக்கிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். பழைய படுக்கையை அம்மா இருக்கும் பக்கம் உதற வேண்டாம்.

பாட்டிலை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மாதக்கணக்கில் தூங்கும். வெள்ளைச் சிப்பிக்கு இது சரி. ரோஜா நிறச் சிப்பியோ வைக்கோல் காளானோ என்றால் ஃபிரிட்ஜ் குளிரில் செத்துவிடும், அவற்றை வெளியேதான் வைக்க வேண்டும். பஞ்சுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள், கூழ் காயாது.

#25 பழைய மாணவி

ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் பாட்டில் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். தோசை மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அதில் இருக்கிற ஈஸ்ட்டுக்குப் பஞ்சு ஈரமானால் போதும். ஐப்பசிக்கு இரண்டு வாரம் முன்பே வெளியே எடுத்து, புதுக் கூழில் ஒரு துண்டு வைத்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதையே சோளத்துக்கு மாற்றலாம், ஓடவில்லை என்றால் இங்கே வந்து சொல்லுங்கள்.